இடது கண்ணால் மட்டம் பார்ப்பவர்

ஜனவரி 6

ஊரிலுள்ள கட்டடங்களையெல்லாம் குறை சொல்லியே ஓய்வு பெற்ற கட்டட மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை மகள் போன வாரமே போனில் சொல்லிவிட்டாள், அதனால் விசாரிக்கவில்லை.

இந்தக் கடிதத்தைப் பிரித்ததும் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்க மாட்டீர்கள், வரி நேராக இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். இருக்காது. தங்கை தடிமனாகக் கோடு போட்டுக் கொடுத்த தாளில், கறுப்பு மார்க்கரால், குத்துமதிப்பாக எழுதுகிறேன். எழுத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடுகிறது, ஓரக்கண்ணால் பார்த்தால் தெரிகிறது. இருபத்தாறு வருடம் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரார் கடிதங்களை வீடு வீடாகக் கொடுத்தவள் நான். இன்று என் கடிதத்துக்கு முகவரி எழுத இன்னொருத்தி வேண்டியிருக்கிறது. சிரித்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் மகள் வந்திருந்தபோது நம் இருவரையும் தனித்தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கண்ணைக் காட்டினாள் அல்லவா? வயதாக ஆக விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிற நோய் இருவருக்குமே இருக்கிறது, எனக்கு இரண்டு கண்ணிலும் முற்றிக்கொண்டு வருகிறது, உங்களுக்கு ஆரம்பம் என்றார்கள். பிரிந்து எட்டு வருடத்தில் நாம் ஒத்துப்போன ஒரே சங்கதி இதுதான். நீங்களோ அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லையாம். டாக்டர் அறையின் ஜன்னல் சட்டமே மட்டமாக இல்லை, இவர் என் கண்ணை எங்கே ஒழுங்காகப் பார்க்கப்போகிறார் என்றீர்களாமே.

எனக்கு இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஒளிச் சிகிச்சை தரப்போகிறார்கள். ஒரு மெஷினில் முகவாயை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். மஞ்சள் ஒளி, சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஒளி. சில நிமிடம்தான். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. சில வாரங்களுக்குள் ஒன்பது முறை போக வேண்டும். சோர்ந்துபோன செல்களுக்கு அந்த ஒளி கொஞ்சம் தெம்பு கொடுக்குமாம். "போன பார்வை திரும்பி வந்துடும்னு நான் சொல்லமாட்டேன்மா. இருக்கறது கொஞ்சம் மெதுவாப் போகலாம். சிலருக்கு நாலு எழுத்து கூடுதலாத் தெரியுது, சிலருக்கு ஒரு மாத்தமும் இருக்கறதில்ல" என்றார் டாக்டர். இவ்வளவு குறைவாக வாக்குக் கொடுத்த ஆண்பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. உடனே சரி என்றுவிட்டேன்.

நீங்களும் ஒரு தடவை கண்ணைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று எழுதச் சொன்னாள் மகள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
சட்டப்படி உங்கள் மனைவி


ஜனவரி 14

சட்டப்படி மட்டும் மனைவியாக இருப்பவளுக்கு,

கடிதம் வந்தது. உன் வரிகள் இடது பக்கம் புறப்பட்டு வலது பக்கம் போய்ச் சேருவதற்குள் ஒரு மாடி ஏறிவிடுகின்றன. கழுத்தைச் சாய்த்துப் படித்து முடித்தேன்.

போனில் பேசிக்கொள்ளக் கூடாதா என்று மகள் கேட்கிறாள். போனை நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் உன் தங்கை கடைசி வரை உரக்கப் படித்துத்தான் ஆகவேண்டும். அவளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், அவளும் கேட்கட்டும்.

கண்ணில் விளக்கு அடித்தால் பார்வை தெளியும் என்றால் வெல்டிங் பட்டறையில் இருப்பவனெல்லாம் கழுகு மாதிரிப் பார்க்க வேண்டும். மஞ்சள் என்கிறாய், சிவப்பு என்கிறாய். பச்சையும் சேர்ந்தால் அது நாலு ரோட்டு சிக்னல். ஒன்பது தடவை சிக்னலில் நின்றுவிட்டு வருவதற்குப் பெயர் சிகிச்சையா? கண்ணுக்குத் தெரியாத ஒளி வேறாம். தெரியாத ஒளியை அடித்தானா, அடிக்காமல் ஏமாற்றினானா என்று யார் பார்ப்பது? நான் கண்ணுக்குத் தெரியாத கம்பியை வைத்துக் கான்கிரீட் போட்டிருந்தால் பிடித்து உள்ளே தள்ளியிருப்பார்கள். நீ சந்தோஷமாகப் போய் உட்கார்ந்துவிட்டு வா. எதைச் சொன்னாலும் நம்புகிற ஜாதி நீ, நான் சொல்வதைத் தவிர.

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. சொல்லப்போனால் முன்பைவிட இப்போதுதான் குறைகள் பளிச்சென்று தெரிகின்றன. பாத்ரூம் சுவருக்கு டைல்ஸ் மாற்றுகிறேன். முதலில் வந்தவன் போட்ட இரண்டாவது வரிசையே நடுவில் தொய்ந்து பாம்பு மாதிரிப் போகிறது. என் வழக்கப்படி சுவரோரம் முகத்தை வைத்து, வலது கண்ணை மூடி, இடது கண்ணால் நீளவாக்கில் பார்த்தேன். அவன் என்னிடமே பாடம் நடத்துகிறான்: "சார், ரெண்டு கண்ணையும் தொறந்து பாருங்க சார், நேராத்தானே இருக்கு?"

"ரெண்டு கண்ணால பாக்கறதுக்கு இது என்ன பொண்ணு பாக்கற வேலையாடா? மட்டம் பாக்க ஒரு கண்ணுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு கண்ணால் பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். இந்த நாட்டில் கட்டடங்கள் இந்த லட்சணத்தில் இருப்பதற்கு அதுதான் காரணம்.

உன் மகளின் அப்பா


ஜனவரி 27

தூக்குக்குண்டு அவர்களுக்கு,

சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடுகிற அந்த இரும்புக் குண்டின் பெயரைத்தான் வேலையாட்கள் உங்கள் முதுகுக்குப் பின்னால் உங்களுக்கு வைத்திருந்தார்கள். நீங்கள் அதைப் பட்டம் மாதிரிப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வீர்கள். அதனால் நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

ஒளி நாலு தடவை ஆகிவிட்டது. காத்திருக்கும் பெஞ்சில் எங்கள் கூட்டத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஒருவர் எதிராளியின் காதைப் பார்த்துப் பேசுகிறார், இன்னொருவர் தலைக்கு மேலே பார்த்துப் பேசுகிறார். நேராகப் பார்த்தால் யாருக்கும் யார் முகமும் தெரியாதே. ஒரு ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் தன் மனைவி என்று நினைத்து என்னிடம் வெகு நேரம் மருமகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். விஷயம் சுவாரசியமாக இருந்ததால் நான் தடுக்கவில்லை.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண் கண்டிப்பானவள். கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்திருக்கச் சொல்கிறாள், கொஞ்ச நேரம் மூடச் சொல்கிறாள். "அம்மா, தலைய அசைக்கக் கூடாது, பேசவும் கூடாது" என்றாள். உங்களுக்கு வாய்க்காத தைரியம் அவளுக்கு இருக்கிறது. மஞ்சள் ஒளி வரும்போது கண் முழுக்க வெயில் அடிக்கிற மாதிரி இருக்கும், முடிந்து வெளியே வந்தால் அரை மணி நேரம் எல்லாரும் ஊதா நிறத்தில் அலைகிறார்கள். வேறு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்ததாகச் சொல்லி உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை இல்லை.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம், நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் புள்ளியைப் பார்க்க வேண்டும், அப்புறம் அடுத்த கண்ணால். கோடு எங்கேயாவது வளைந்தோ உடைந்தோ தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் அந்தப் பெண் ஒவ்வொன்று கொடுத்தாள். உங்களுக்காக நான் ஒன்று கூடக் கேட்டு வாங்கினேன். கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்கிற வேலைக்கு உங்களைவிட்டால் ஆள் ஏது?

இப்படிக்கு,
சிக்னலில் நிற்பவள்


பிப்ரவரி 5

தபால்காரிக்கு,

நீ அனுப்பிய தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதை அச்சடித்தவன் எவன்? நடுப்புள்ளியைச் சுற்றியுள்ள கோடுகள் ஒன்றுகூட ஒழுங்கில்லை. மேலே இருப்பவை கீழே தொய்கின்றன, பக்கத்தில் இருப்பவை வயிறு தள்ளிக்கொண்டு நிற்கின்றன. எங்கெங்கே தப்பு என்று சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, கீழே 'மறுபடி அச்சடிக்கவும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். உன் மெஷின் பெண்ணிடம் கொடு.

வளைந்து தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு வா என்கிறார்களாம். வளைத்து அச்சடித்துவிட்டு வா என்றால் கூட்டம் வராமல் என்ன செய்யும்? நல்ல வியாபாரம். உன்னை மாதிரி ஆட்கள் பெஞ்சை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் ஆச்சரியமே இல்லை.

சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று ஸ்கேல் வைத்தும் பார்த்தேன். ஸ்கேலும் கோணல். இந்தக் காலத்தில் ஒரு ஸ்கேலைக்கூட நேராகச் செய்யத் துப்பில்லை. வெயிலில் வைத்தால் வளைந்துபோகிற பிளாஸ்டிக். வலது கண்ணாலும் பார் என்று எழுதியிருக்கிறாய். அது மட்டம் பார்க்கிற கண் இல்லை. நாற்பது வருடமாக இடது கண்ணால் பார்த்துத்தான் கட்டடங்களை நிற்க வைத்தேன், அவை நிற்கின்றன.

இரண்டாவது டைல்ஸ்காரனும் போய்விட்டான். அவன் தன் ரசமட்டத்தைச் சுவரில் வைத்துக் காட்டினான். "பாருங்க சார், குமிழி நட்ட நடுவுல நிக்குது" என்றான். குமிழியைக் கண்டேன், அது நின்ற லட்சணத்தையும் கண்டேன். ரசமட்டத்தையே வளைத்து வைத்திருக்கிறான். கருவியை நம்பி வேலைக்கு வருகிறவர்கள் இப்படித்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றே நான் என் கருவிகளைப் பெட்டியில் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன், கண் போதும் என்று. போட்ட டைல்ஸை எல்லாம் உடைத்து எடுக்கச் சொல்லிவிட்டேன். மூன்றாவதாக ஒருவன் வருகிறான், பார்ப்போம்.

உன் மகளின் அப்பா


பிப்ரவரி 9

என்னங்க,

கேலியை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள். படிக்கிறபோது வரி ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்காதீர்கள்.

அந்தத் தாளில் கோடுகள் நேராக இருக்கின்றன. தங்கை பார்த்தாள், பக்கத்து வீட்டில் பார்த்தார்கள், ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் பார்த்தாள். வளைந்திருப்பது தாள் இல்லை, உங்கள் இடது கண். உங்கள் சிவப்பு வட்டங்களையும் கையெழுத்தையும் பார்த்து நான் சிரித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு நேரே டாக்டர் அறைக்குள் போய்விட்டாள்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதைச் சொல்கிறேன். நம் நோயில் இரண்டு விதம். எனக்கு இருப்பது உலர்ந்த விதம், மெதுவாகத் தேய்கிறது, அதற்குத்தான் இந்த ஒளி. இன்னொன்று ஈர விதம். விழித்திரைக்குக் கீழே வேண்டாத ரத்தக்குழாய் முளைத்துக் கசிய ஆரம்பிக்கும். தரைக்கு அடியில் ஈரம் கசிந்தால் மேலே இருக்கிற டைல்ஸ் எப்படி உப்பிக்கொண்டு எழும்பும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அப்படி உப்புவதால்தான் கோடு வளைகிறது. அதற்கு ஒளி உதவாது. கண்ணுக்குள்ளே ஊசி போட வேண்டும், அதுவும் உடனே. தள்ளிப்போட்டால் அந்த இடம் தழும்பாகிவிடும், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. "அவரை இன்னைக்கே பக்கத்துல எங்கயாவது காட்டச் சொல்லுங்கம்மா. நாளைக்குன்னு வைக்க வேண்டாம்" என்றார்.

உங்களுக்கு மூன்று தடவை போன் செய்தேன். என் நம்பரைப் பார்த்ததும் துண்டித்துவிட்டீர்கள். முடிந்தால் நானே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். பஸ் நம்பர் படிக்க எனக்குக் கண் இல்லை, தங்கையோ முட்டி வலியில் படுத்திருக்கிறாள். மகளிடம் சொல்லியிருக்கிறேன், அவள் பேசுவாள். அவளிடமாவது வாதம் செய்யாமல் கிளம்புங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் மனைவி


பிப்ரவரி 17

திடீரென்று பயந்துபோன மனைவிக்கு,

எட்டு வருடம் கழித்து 'என்னங்க' என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததுமே இதில் ஏதோ இருக்கிறது என்று புரிந்துவிட்டது. என் கண்ணே கோணல் என்று நிரூபித்துவிட்டால் இதுவரை நான் உன்னிடம் கண்ட குறையெல்லாம் பொய்யாகிவிடும், அதுதானே கணக்கு? மகளையும் சேர்த்துக்கொண்டாய். அவள் போனில் அழுகிறாள். "அம்மா சொல்றான்னு ஆடாதே, போய் வேலையப் பாரு" என்று வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், உன் தங்கை நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும். கொஞ்ச நாளாகக் காலையில் இடது கண்ணில் லேசாகப் புகை மாதிரி ஏதோ மறைக்கிறது. வீட்டில் டைல்ஸ் வெட்டினால் தூசி போகாமல் இருக்குமா? அதற்கு ஊசி போட என்னை என்ன கிறுக்கன் என்று நினைத்தாயா? உன் வைத்தியத்தையே செய்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். எலக்ட்ரிக்கல் கடையில் ஒரு சிவப்பு பல்ப் வாங்கி மேஜை விளக்கில் மாட்டி, முகவாய்க்கு ஒரு டப்பாவைக் கவிழ்த்து வைத்து, தினமும் காலையில் அதன் முன்னால் உட்காருகிறேன். தெரியாத ஒளி கடையில் இல்லை, இருந்திருந்தால் அதையும் வாங்கியிருப்பேன். உட்கார்ந்து எழுந்தால் புகை கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. ஆக, ஒரு பல்ப் செய்கிற வேலைக்கு நீ ஆஸ்பத்திரி பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாய்.

மூன்றாவது டைல்ஸ்காரனையும் நேற்று அனுப்பிவிட்டேன். போகும்போது வாசலில் நின்று, "உங்களுக்குச் சுவர் கட்ட சாமிதான் சார் வரணும்" என்கிறான். வரட்டும். அவரையும் ஒரு கண்ணால்தான் பார்ப்பேன்.

உன் மகளின் அப்பா


பிப்ரவரி 21

மகா புத்திசாலிக்கு,

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குக் கண்தான் போயிருக்கிறது. உங்களுக்கு அறிவே போய்விட்டது. வெல்டிங் பட்டறை என்றீர்கள், சிக்னல் என்றீர்கள், இப்போது கடை பல்புக்கு முன்னால் டப்பாவில் தாடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தக் காட்சியைப் பார்க்கவாவது எனக்கு ஒரு நாள் பார்வை திரும்பி வரலாம். அந்த மெஷினில் எந்த ஒளி, எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று கணக்கு இருக்கிறது. அதுவே உங்கள் நோய்க்கு உதவாது என்கிறேன், நீங்கள் பல்ப் வாங்கியிருக்கிறீர்கள். புகை குறையவில்லை. நீங்கள் குறைந்ததாகச் சொல்லிக்கொள்கிறீர்கள். சுவரிலோ என்னிடமோ ஒரு நாளாவது இந்தத் தாராளத்தைக் காட்டியிருக்கிறீர்களா?

என்னை நம்ப வேண்டாம். மகளை நம்ப வேண்டாம். டாக்டரின் ஜன்னல் கோணல், அவரையும் விட்டுவிடுங்கள். பரணில் ஏறி உங்கள் தூக்குக்குண்டை எடுங்கள். பாத்ரூமில் ஆணியில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, ஆட்டம் நின்றதும் உங்கள் அருமை இடது கண்ணால் பாருங்கள். அப்புறம் அதை மூடிக்கொண்டு வலது கண்ணால் பாருங்கள். குண்டு தொங்குகிற நூலை யாரும் வளைத்துச் செய்ய முடியாது என்று வேலைக்கு வந்த சின்னப் பையன்களுக்கெல்லாம் கத்திக் கத்திச் சொன்னவர் நீங்கள்தான்.

இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

நான்


மார்ச் 20

மனைவிக்கு,

பக்கத்து வீட்டுக்காரர் கோடு போட்டுக் கொடுத்த தாளில் எழுதுகிறேன். உன்னுடையதைப் போலவே ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். பார்த்துத் திருத்த முடியவில்லை, பழக்கமில்லாத கண்.

நீ சொன்னதைச் செய்தேன். கடிதம் வந்த அன்றே செய்யவில்லை. கடிதத்தை மேஜையில் போட்டுவிட்டு ஒரு வாரம் பல்ப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒரு காலை, தாடியை மழிக்கும்போது சோப்பு நுரை பட்டு வலது கண்ணை மூடினேன், கண்ணாடியில் என் மூக்கைக் காணோம். அன்றைக்குத்தான் பரணில் ஏறினேன்.

நூலைக் கட்டித் தொங்கவிட்டேன். ஆட்டம் நிற்கும் வரை காத்திருந்தேன். இடது கண்ணால் பார்த்தேன். நூல் மேலே இருந்தது, குண்டு கீழே இருந்தது, நடுவில் ஒரு அழுக்கு, அதன் ஓரத்தில் நூல் வில் மாதிரி வளைந்து போனது. டைல்ஸ்காரனைத் திட்டலாம், அச்சகத்தானைத் திட்டலாம், ஸ்கேல் செய்தவனைத் திட்டலாம். இதற்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. பூமியைத் திட்டலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். அப்புறம் வலது கண்ணால் பார்த்தேன். நேர் நூல். சுவரில் மூன்றாவது ஆள் போட்டு, நான் இன்னும் உடைக்காமல் விட்டிருந்த கடைசி இரண்டு வரிசையைப் பார்த்தேன். அதுவும் நேர். நான்கூட அவ்வளவு சுத்தமாகப் போட்டிருக்க மாட்டேன்.

அங்கேயே கவிழ்த்துவைத்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே கண் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சின்னப் பெண், நம் மகளைவிட இளையவள். "ரெண்டு மூணு வாரம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா நடுப்பார்வையக் காப்பாத்தியிருக்கலாம் சார். இப்ப நடுவுல தழும்பு விழுந்துடுச்சு" என்றாள். அவள் அறை ஜன்னல் மட்டமாக இருக்கிறதா என்றுகூட நான் பார்க்கவில்லை. மிச்சம் இருப்பது போகாமல் இருக்க ஊசி போட்டாள். மாதா மாதம் போட வேண்டுமாம். இங்கே வசதி குறைவு, நீ போகிற பெரிய ஆஸ்பத்திரிக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். வலது கண் இன்னும் உலர்ந்த நிலையில்தான் இருக்கிறதாம், அதற்கு உன் ஒளியைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று அங்கே முடிவு செய்வார்களாம். சொல்லிச் சிரித்துக்கொள், உனக்கு உரிமை இருக்கிறது.

மூன்று டைல்ஸ்காரர்களுக்கும் ஆள் அனுப்பினேன். ஒருவனும் வர மாட்டேன் என்கிறான். பாத்ரூம் சுவர் தோலுரிந்து நிற்கிறது.

கூடத்தில் மகள் கல்யாணப் போட்டோ இருக்கிறது அல்லவா, எல்லாரும் வரிசையாக நிற்பது. நேற்று வலது கண்ணை மூடிக்கொண்டு அதைப் பார்த்தேன். சம்பந்தி வளைந்திருக்கிறார், மாப்பிள்ளை வளைந்திருக்கிறார், நான் இருக்கிற இடமே தெரியவில்லை. நீ மட்டும் ஓரத்தில் நேராக நிற்கிறாய். உன் தோளில் ஒரு குறையும் இல்லை.

வந்துவிடு. டைல்ஸ் நிறத்தை நீயே பார்த்து எடு. எப்படிப் போட்டாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். தனியாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

உன் கணவன்


மார்ச் 27

தூக்குக்குண்டு அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தங்கை இரண்டு தடவை படித்தாள். நூல் வளைந்த இடம் வந்ததும் நான் அழுதேன், முதல் தடவையும் அழுதேன், இரண்டாவது தடவையும் அழுதேன். உங்களுக்காக அழுதேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கண்ணுக்காக அழுதேன். இருந்திருக்க வேண்டிய கண். ஒரு கடிதம் முன்னால் நீங்கள் என்னை நம்பியிருந்தால் இன்றைக்கு அது என்னிடம் குறை கண்டுபிடித்துக்கொண்டிருக்கும். அதைக்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன்.

எனக்கு ஒளி ஒன்பது தடவையும் முடிந்தது. எழுத்துப் பலகையில் முன்பு தெரிந்ததைவிட நாலு எழுத்து கூடத் தெரிகிறது. அவ்வளவுதான். நாலு மாதம் கழித்து மறுபடி கொடுப்பார்கள். நாலு எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். இந்த உறையில் உங்கள் முகவரியை நானே எழுதியிருக்கிறேன். அடுத்த வீட்டுக்குப் போகாமல் உங்களிடமே வந்திருந்தால் சரியாக எழுதியிருக்கிறேன் என்று அர்த்தம்.

இப்போது உங்கள் போட்டோவுக்கு வருகிறேன். அந்தக் கல்யாணத்தன்று, அத்தனை பேர் முன்னால், போட்டோக்காரரை நிறுத்திவைத்துவிட்டு, "சாயாதே, நேரா நில்லு" என்று என் தோளை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி நிறுத்தினீர்கள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். தபால் பை மாட்டி மாட்டி இறங்கிய தோள் அது, உங்கள் கை பட்டால் ஏறாது. அதற்கு அடுத்த வாரம்தான் நான் தங்கை வீட்டுக்கு வந்தேன், இன்னும் இங்கேதான் இருக்கிறேன். இப்போது உலகமே உங்களுக்குக் கோணலாகத் தெரிகிறபோது நான் மட்டும் நேராகத் தெரிகிறேனாக்கும். கண் கெட்டு வந்த பாராட்டு எனக்கு வேண்டாம். நல்ல கண் இருந்தபோது சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் அந்த வீட்டுக்கு வர மாட்டேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், யோசித்துத்தான் எழுதுகிறேன். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறீர்கள். நீங்கள் வாயைத் திறக்காமல் பார்க்கிற பார்வையைத்தான் என்னால் தாங்க முடியாது. டைல்ஸ்காரர்கள் மூன்று பேரும் புத்திசாலிகள்.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருவேன். உங்களுக்கு ஊசி போடுகிற நாளெல்லாம் வருவேன். ஊசி போட்ட கண்ணைக் கட்டிக்கொண்டு நீங்கள் தனியாகத் தடவிக்கொண்டு போவதை யாரும் பார்த்துச் சிரிக்கக் கூடாது, சிரிக்கிற உரிமை எனக்கு மட்டும்தான். ஒளிக்கும் உங்களை உட்கார வைத்தால், அந்த மெஷின் பெண் பேசக் கூடாது என்று உங்களிடம் சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். இத்தனை வருடத்தில் நான் ஆசைப்பட்டுக் கேட்பது அது ஒன்றுதான்.

காத்திருக்கும் இடத்தில் ஜன்னலோரப் பெஞ்சில் உட்காருங்கள். எனக்கு யார் முகமும் தெரியாது, ஆனால் யாராவது அந்த ஜன்னல் சட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தால் அது நீங்கள்தான் என்று வந்துவிடுவேன். வலது கண்ணைக் கட்டாமல் திறந்தே வைத்திருங்கள். பொண்ணு பார்க்க வந்த அன்றும் நீங்கள் என்னை ஒரு கண்ணால்தான் பார்த்தீர்கள், அது தப்பான கண்ணாகப் போயிற்று. இந்தத் தடவை மற்றதால் பாருங்கள்.

நான் உங்கள் பக்கத்தில் உட்காருவேன். சாய்ந்துதான் உட்காருவேன். தோளைத் தொட்டால் எழுந்து போய்விடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி